அந்த ஏ4 தாள்களைக் கிழிப்பதற்கு முன்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கல்லூரி, மருத்துவமனை, அரசு அலுவலக வளாகங்களை நிர்வகிக்கும் முதல்வர்கள், கண்காணிப்பாளர்கள், பொறியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். முதல் ஒன்பது வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் வாசலுக்கு எதிரே கடை இருந்தது. வாடகை ஏறியதால் இடம் மாற்றி, இப்போது ஒரு கல்வி வளாகத்துக்கு எதிரே இருக்கிறேன். எந்த மருத்துவமனை, எந்த வளாகம் என்று எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று இந்த மடலை எழுதவில்லை. உங்கள் எல்லோருடைய வளாகத்திலும் நடப்பதைத்தான் என் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கடைக்கு வரும் வேலைகளில் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் ஊழியர்கள் மாதத்துக்கு நாலைந்து முறை வந்து ஒரே மாதிரியான தாள் ஒன்றைக் கேட்பார்கள். "அக்கா, 'ரத்தப் பரிசோதனை இந்தப் பக்கம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, வலது பக்கம் ஒரு அம்புக்குறி வைத்துக் கொடுங்கள். ஆறு காப்பி." கையில் செல்லோ டேப்போடுதான் வருவார்கள். செவிலியர்கள் வந்திருக்கிறார்கள், கிளார்க்குகள் வந்திருக்கிறார்கள், ஒருமுறை காவலாளி ஒருவர் தன் சொந்தப் பணத்தில் அடித்துப் போனார். ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனதாகச் சொன்னார்.

பிறகு ஏதாவது ஆய்வு வரும். மேலிடத்து அதிகாரியோ, கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் குழுவோ வரும் தேதி தெரிந்ததும், சுவரில் ஒட்டியிருக்கும் தாள்கள் எல்லாம் அசிங்கம் என்று கிழிக்கப்படும். சுண்ணாம்பு அடிக்கப்படும். ஆய்வு முடிந்து இரண்டு நாளில் அதே ஊழியர்கள் அதே தாளைக் கேட்டு வருவார்கள். என் கணினியில் கோப்பு அப்படியே இருக்கிறது. திறந்து பிரிண்ட் கொடுப்பேன்.

இந்தத் தாள்களைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். புதிய பெயர்ப் பலகைகளுக்கு டெண்டர் விடும்போது இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கட்டட வரைபடத்தைப் பார்த்து, ஒவ்வொரு துறைக்கும் ஒரு பலகை என்று எண்ணி, சுவரில் காலியாக இருக்கும் இடத்தில் மாட்டிவிடுகிறார்கள். ஜனங்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது வரைபடத்தில் தெரியாது. செல்லோ டேப் ஒட்டிய இடத்தில் தெரியும்.

மருத்துவமனைக்கு எதிரே கடை வைத்திருந்தபோது நடந்தது இது. ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தோளில் கம்பளி, ஒரு கையில் சீட்டு, இன்னொரு கையில் மூடியிட்ட சின்ன ரத்தக் குப்பி. வார்டில் இருக்கும் மனைவிக்கு எடுத்த ரத்தத்தை லேபில் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். லேபைத் தேடித் தேடி வெளியே சாலைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, இந்த ரத்தத்தை எங்கே கொடுப்பது?" என்று என்னிடம் கேட்டார். குப்பியை உள்ளங்கையில் மூடிப் பிடித்திருந்தார், கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல. எவ்வளவு நேரமாக அலைகிறார் என்று கேட்டேன். கணக்குத் தெரியவில்லை. வெயில் ஏறுவதற்கு முன் வந்தேன் என்றார்.

கடையைப் பக்கத்துப் பையனிடம் விட்டுவிட்டு அவருடன் போனேன். வழி எனக்கே சரியாகத் தெரியாது என்பதால், அவரை முன்னால் விட்டு, அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். ஐந்து இடத்தில் நின்றார். வாசலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிற இடம். படிக்கட்டின் அடி. நீளமான தாழ்வாரத்தின் நடுவே, 'இன்னும் போக வேண்டுமா, தாண்டி வந்துவிட்டோமா' என்ற சந்தேகம் வருகிற இடம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருந்த வெளி. கடைசியாக, ஒரே மாதிரி மூன்று கதவுகள் இருந்த இடம். இந்த ஐந்தில் ஓர் இடத்தில்கூடப் பலகை இல்லை. பலகைகள் இருந்தன, நிறையவே இருந்தன. எல்லாம் அந்தந்த அறையின் தலைக்கு மேல் இருந்தன. அறைக்கு முன்னால் வந்து நின்றவருக்கு 'இதுதான் அந்த அறை' என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. வழி தெரியாதவர் அந்த அறைக்கு முன்னால் எப்படி வந்து நிற்பார்?

லேபின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் அச்சடித்துக் கொடுத்த தாள்தான். கதவு உள்பக்கம் திறந்து சுவரோடு சாய்ந்திருந்ததால் தாள் கண்ணில் படவே இல்லை. வேலை நேரம் முழுவதும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கும். லேபை மூடிய பிறகுதான் அந்தத் தாளை யாராவது படிக்க முடியும். அன்றிலிருந்து யார் தாள் கேட்டாலும் "எங்கே ஒட்டப் போகிறீர்கள்?" என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை.

அந்தப் பெரியவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சேலத்திலிருந்து இரவில் மலையேறினாலும் அவர் வழி தவற மாட்டார். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். என் அக்காவைக் கொடுத்திருப்பது அந்த மலையில்தான், அதனால் அந்த எண்களின் அருமை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மரம் விழுந்தால் "பன்னிரண்டாவது வளைவுக்கு மேலே" என்று ஒரு போன் போதும், தீயணைப்பு வண்டி நேராக வந்துவிடும். மஞ்சு இறங்கி எதிரில் இருப்பது தெரியாதபோதும், எத்தனை வளைவு தாண்டினோம், இன்னும் எத்தனை இருக்கிறது என்று பஸ்ஸில் இருக்கும் குழந்தைகூடச் சொல்லும். எண்கள் கீழேயிருந்து மேலே வரிசையாகப் போகின்றன. பன்னிரண்டுக்கு அடுத்தது பதின்மூன்று. இதைவிட நல்ல வழிகாட்டிப் பலகை இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இப்போது உங்கள் வளாகத்துக் கட்டடங்களின் பெயர்களை நினைத்துப் பாருங்கள். வாசலில் ஏ பிளாக். அதற்குப் பின்னால் எஃப் பிளாக். பி பிளாக் எங்கோ விளையாட்டு மைதானத்துக்கு அப்பால். நடுவில் வெள்ளி விழாக் கட்டடம், புதுக் கட்டடம், பழைய புதுக் கட்டடம். கட்டிய வருட வரிசையில் பெயர் வைத்திருக்கிறீர்கள். உள்ளே வருகிறவருக்கு அந்த வரலாறு தெரியாது. அவர் நடக்கிற வரிசையில் எண் இருந்தால்தான் அது அவருக்கு உதவும். கட்டடத்துக்குக் கொடையாளர் பெயரோ தலைவர் பெயரோ இருக்கட்டும். பெயருக்கு மேலே, சாலையிலிருந்து தெரிகிற அளவில், ஓர் எண்ணும் இருக்கட்டும்.

அடுத்து, சொற்கள். 'கதிரியக்கவியல் துறை எங்கே?' என்று இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. எக்ஸ்ரே எங்கே என்று கேட்பார்கள். 'புறநோயாளிகள் பிரிவு' என்று பலகை சொல்லும், ஜனங்கள் ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தைத் தேடுவார்கள். கல்லூரியில் 'தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகம்' என்று பித்தளையில் எழுதியிருக்கும். வருகிற பிள்ளை "டிகிரி சர்டிபிகேட் எங்கே தருவார்கள்?" என்று கேட்கும். நல்ல தமிழில் துறைப் பெயர் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, தமிழை நாள் முழுக்கத் தட்டச்சு செய்து பிழைக்கிறவள் நான். துறைப் பெயரை எழுதுங்கள். அதற்குக் கீழே, அங்கே என்ன வேலை நடக்கும் என்பதை வருகிறவருடைய வாய்ச்சொல்லில் ஒரு வரி எழுதுங்கள். "எக்ஸ்ரே எடுக்குமிடம்." அவ்வளவுதான்.

நம் ஊருக்கே இந்தச் சிக்கல் இருக்கிறது. மெய்யனூரில் இருப்பது எம்.ஜி.ஆர். மத்தியப் பேருந்து நிலையம், ஊர் முழுக்க அதைப் புது பஸ் ஸ்டாண்டு என்றுதான் சொல்லும். ரயில் நிலையங்கள் மூன்று: சூரமங்கலத்தில் ஜங்ஷன், பிறகு டவுன், மார்க்கெட். 'சேலம் ஸ்டேஷன்' என்று சொல்லி ஆட்டோ ஏறிய வெளியூர்க்காரர் எங்கே இறங்குவார் என்பது அவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஐந்து ரோட்டில் நின்று "ஐந்து ரோடு எங்கே?" என்று கேட்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேம்பாலத்தின் கீழே நிற்கும்போது எந்தச் சாலை எங்கே போகிறது என்று உள்ளூர்க்காரருக்கே ஒரு நொடி யோசனை வரும். ஊர்ப் பெயரும் பலகைப் பெயரும் ஒரே பலகையில் சேர்ந்து நிற்பதால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடாது.

சொல் மாறியதால் ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு நாள். காலை 9 மணிக்கு மேல் தேர்வு மையத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, கூடவே மாமியார். ஹால் டிக்கெட்டில் பாலிடெக்னிக் என்று போட்டிருந்தது. ஒரே அறக்கட்டளைப் பெயரில் பள்ளி, கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் நாலும் என் கடைக்கு எதிரே இருக்கும் வளாகத்தில் இருக்கின்றன. தோரண வாசலில் அறக்கட்டளையின் பெயர் மட்டும் தெரியும். ஆட்டோ அங்கே இறக்கிவிட்டது, அப்போது மணி 8:35. அவர் உள்ளே போய்க் கலைக் கல்லூரியில் நம்பர் தேடினார், இல்லை. பொறியியல் கல்லூரிக்கு ஓடினார், இல்லை. பாலிடெக்னிக்குக்குப் பின் தெருவில் தனி வாசல். அங்கே போய்ச் சேர்ந்தபோது 9:04.

அவர் அழவில்லை. திரும்பி வந்து என் கடை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மாமியார் ஒன்றும் பேசாமல் குழந்தையை வாங்கிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். கேட்டை மூடிய அதிகாரியைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, விதி விதிதான் என்றார். "இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டேன், அக்கா" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். குழந்தை ஹால் டிக்கெட்டின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. அவர் அதை விடுவிக்கவில்லை.

தோரண வாசலில் 'பாலிடெக்னிக் - அடுத்த தெரு, நடந்து 6 நிமிடம்' என்று ஒரு பலகை இருந்திருந்தால் அவர் தேர்வு எழுதியிருப்பார். அடுத்த தேர்விலிருந்து அப்படி ஒரு தாளை நானே அச்சடித்து, காவலாளியிடம் சொல்லி, கம்பத்தில் கட்டி வருகிறேன். முதலில் ஒரு வரைபடமும் போட்டுப் பார்த்தேன். பாடப் புத்தகத்தில் போல வடக்கை மேலே வைத்து வரைந்திருந்தேன். பார்க்கிற ஒவ்வொருவரும் தலையைச் சாய்த்தார்கள், சிலர் கையை நீட்டித் திசை பார்த்தார்கள், பிறகு என்னிடமே வந்து கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கட்டடக் கலை படிக்கிற மாணவி ஒருத்தி புராஜெக்ட் அச்சடிக்க வந்தாள். தலைப்பே வழிகாட்டிப் பலகைகள் பற்றியது. பக்கம் சரிபார்க்கும்போது முழுவதையும் படித்துவிட்டேன். கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகர வடிவமைப்பாளர் 1960-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பாஸ்டன் போன்ற நகரங்களில் இருப்பவர்களைத் தங்கள் ஊரை நினைவிலிருந்து வரையச் சொன்னாராம். ஜனங்கள் மனதில் ஊர் பாதைகளாகவும் சந்திப்புகளாகவும் அடையாளச் சின்னங்களாகவும்தான் இருக்கிறது என்று கண்டாராம். நம் ஊரில் 'பிள்ளையார் கோயிலைத் தாண்டி, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் லெப்ட்' என்கிறோமே, அதேதான். லண்டனில் 2007-இல் நடப்பவர்களுக்காக ஒரு பலகை முறையைத் தொடங்கியபோது, பலகைக்கு முன் நிற்பவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறாரோ அதையே வரைபடத்தின் மேல்பக்கமாக வைத்தார்கள். தூரத்தை நடக்கும் நிமிடங்களாகக் காட்டினார்கள். படித்த அன்றே என் வரைபடத்தைத் திருப்பி வரைந்தேன், வாசல் கீழே, எதிரில் தெரிகிற கட்டடம் மேலே. தலையைச் சாய்ப்பது நின்றுவிட்டது. இதற்கு எனக்கு ஆன செலவு ஒரு தாள்.

அவள் எழுதியதில் இன்னொன்றும் மனதில் நிற்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், ஜப்பானிய மொழி தெரியாமல் வந்து இறங்கும் கூட்டத்துக்காகப் படக்குறிகளை ஒழுங்குபடுத்தினார்கள். நமக்கு ஒலிம்பிக் வேண்டாம். மஞ்சக்குட்டைப் பெரியவருக்கு ஒரு ரத்தத் துளிப் படம் போதும். தரையில் ஒரு சிவப்புக் கோடு வாசலிலிருந்து லேப் வரை போனால், அவர் யாரையும் கேட்காமல் போய்விடுவார்.

சிவப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் சேலத்து வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்புதான். கறுப்பில் எழுத்தும் சிவப்பில் அம்பும் போட்டு வெளியே மாட்டிய பலகைகளைப் போய்ப் பாருங்கள். சில வருடத்தில் எழுத்து இருக்கும், அம்பு போயிருக்கும். 'அவசர சிகிச்சை' என்று பலகை சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. மேல்நோக்கிய அம்பும் அப்படித்தான். நேராகப் போகச் சொல்கிறதா, மாடிக்கு ஏறச் சொல்கிறதா? மாடி என்றால் மாடி என்று எழுதிவிடுங்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பலகையின் அளவை ஆங்கிலத்துக்கு வைத்து முடிவு செய்துவிட்டு, அதே நீளத்துக்குள் தமிழைத் திணிக்கிறார்கள். நம் சொற்கள் நீளமானவை. இடம் போதாமல் எழுத்தை அகலத்தில் நசுக்குவார்கள், அது தெரியாது என்று தடிமனாக்குவார்கள். நசுக்கித் தடிமனாக்கினால் ண-வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், தூரத்திலிருந்து ண, ன எல்லாம் ஒரே கறுப்புப் புள்ளிதான். மேலே கொம்பும் புள்ளியும், கீழே கு, டு, ழு-வின் வாலும் இருப்பதால் இரண்டு வரிக்கு நடுவே ஆங்கிலத்தைவிட அதிக இடம் வேண்டும். முதலில் தமிழை அமையுங்கள், அதற்கு ஏற்றபடி தகட்டை வெட்டுங்கள். பலகை எழுதும் ஓவியர்களிடம் பத்தடிக்கு ஓர் அங்குல எழுத்து என்று ஒரு கணக்கு உண்டு. தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்து தெரிய வேண்டிய பலகையை ஒரு சாண் தகட்டில் எழுதினால் அந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் பிழை பார்க்கட்டும். எழுத்துரு மாறிக் குழம்பிப்போன கோப்பை அப்படியே ஸ்டீலில் வெட்டிய பலகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சாலைகளுக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் விதிநூல் இருக்கிறது. வட்டம் கட்டளையிடும், முக்கோணம் எச்சரிக்கும், செவ்வகம் தகவல் சொல்லும். இரவில் ரேடியம் ஒளிரும். அந்த ஒழுங்கு மதிலுக்குள் நுழைந்ததும் காணாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு துறையும் அதற்குப் பிடித்த நிறம், அதற்குப் பிடித்த அம்பு. வளாகம் முழுக்க ஒரே நிறம், ஒரே அம்பு, ஒரே உயரம் என்று முடிவெடுக்கக் கமிட்டிகூடத் தேவையில்லை, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. அதற்குப் பிறகு சாய்தளங்கள் பல இடங்களில் வந்திருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் சாய்தளம் கட்டடத்தின் பின்பக்கம் இருந்து, அது அங்கே இருக்கிறது என்று முன்பக்கப் படிக்கட்டில் எழுதாமல் விட்டால், சக்கர நாற்காலியில் வந்தவர் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவார். பிரெய்ல் எழுத்தைக் கதவுக்கு மேலே, எட்டாத உயரத்தில் வைத்த இடமும் எனக்குத் தெரியும். அது விரலால் படிக்கும் எழுத்து, கதவின் பக்கவாட்டில் கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஏற்காட்டில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மே மாதக் கோடை விழாவுக்கு வருகிறவர்களுக்காகப் பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி என்று வழி சொல்கிறோம், நல்லது. அதே சந்திப்புகளில் மலைக் கிராமங்களின் பெயரும் தூரமும் இருக்கட்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அம்பும் இருக்கட்டும். இரவில் 108 வண்டி ஓட்டி வருகிற இளைஞன் அந்த மலையில் பிறந்தவனாக இருக்க மாட்டான். மஞ்சில் போன் வரைபடமும் பல இடங்களில் வேலை செய்யாது. ஏறும் வழியில் பார்க்கும் பெயர் இறங்கும் வழியிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடிவாரச் சாலையிலா, குப்பனூர்ச் சாலையிலா இறங்குகிறோம் என்று பாதி மலை வந்த பிறகு தெரிந்துகொள்பவர்கள் உண்டு.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. டெண்டருக்கு முன் ஒரு நாள், வளாகத்துக்கே வந்திராத ஐந்து பேரை வாசலிலிருந்து ஐந்து இடங்களுக்கு அனுப்புங்கள். ஒரு பாட்டி, எழுத்துத் தெரியாத ஒருவர், வடமாநிலத் தொழிலாளி ஒருவர் அதில் இருக்கட்டும். வழி சொல்லாமல் பின்னால் நடந்து, அவர்கள் நிற்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். அந்தக் குறிகளில் முதலில் தாள் ஒட்டுங்கள். ஒரு மாதம் பாருங்கள். யாரும் நிற்காமல் நடந்து போனால் அதைத் தகட்டில் எழுதுங்கள், நின்றால் தாளை மாற்றுங்கள். பிறகு பலகைகளுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். துறை மாடிக்கு மாறிய அன்றே பலகையும் மாற வேண்டும். வாழ்த்து பேனரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அதை மறைத்தால் எடுக்கவும், புங்கை மரக்கிளை மறைத்தால் வெட்டவும் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். இடம் மாறிப்போன பலகையை நம்பி நடந்து ஏமாந்தவர், அடுத்த பலகை சரியாக இருந்தாலும் நம்புவதில்லை.

என் கணினியில் 'அம்புக்குறி' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. இத்தனை வருடத்தில் உங்கள் ஊழியர்கள் கேட்டு நான் செய்துகொடுத்த தாள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, பிரேத அறை எங்கே, கட்டணம் கட்டுமிடம் எங்கே, லிப்ட் வேலை செய்யவில்லை என்றால் படி எங்கே. உங்களில் யாராவது பொறியாளரை அனுப்பினால், எந்தத் தாளை எத்தனை முறை கேட்டார்கள், எந்தச் சுவரில் ஒட்டினார்கள் என்று எனக்கு நினைவிருக்கும்வரை உட்கார்ந்து சொல்கிறேன். பிரிண்டுக்குக் காசு வேண்டாம். கடை காலை எட்டு மணிக்குத் திறக்கும். தேர்வு நாட்களில் ஆறரை மணிக்கே இருப்பேன்.

இப்படிக்கு,
வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு சேலத்துப் பெண்